சைனஸ் அறுவை சிகிச்சை முடிந்து 12-ஆம் நாள் மூக்கு அடைக்கிறது என்றால்

சைனஸ் அறுவை சிகிச்சையும் மூக்குத்தண்டு (மூக்கை உள்ளே இரண்டாகப் பிரிக்கும் நடுச்சுவர்) வளைவைச் சரிசெய்யும் சிகிச்சையும் ஒரே நேரத்தில் நடந்து 12 நாட்கள் ஆகின்றன, 7-ஆம் நாள் மூக்கினுள் வைத்திருந்த ஸ்பிளிண்ட் என்ற தாங்கு தகட்டை எடுத்தபோது மூச்சு நன்றாக வந்தது, இப்போது முன்பிருந்ததைவிட அதிகமாக அடைக்கிறது, பழுப்பு நிறத்தில் கட்டிகட்டியாக ஏதோ வருகிறது, வாசனை தெரியவில்லை, உப்புத் தண்ணீர் விட்டபோது இரத்தம் கலந்து வந்ததால் பயந்து நிறுத்திவிட்டேன், அம்மா சொன்னபடி நொச்சி போட்டு ஆவி பிடிக்கிறேன், எப்போது சரியாகும் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆபரேஷன் செய்தாலும் சதை திரும்ப வளரும் என்று உறவினர்கள் சொல்வதாகக் கடைசி வரியில் சேர்த்திருக்கிறீர்கள். உங்களை உறுத்துவது அந்த வரிதான் என்று நினைக்கிறேன். சிகிச்சை வீணாகிவிட்டதா என்பதுதான் உங்கள் கேள்வி.

காது, மூக்கு, தொண்டை மருத்துவத்தில் பயிற்சி பெற்று, எண்டோஸ்கோப் என்ற, உள்ளே பார்க்க உதவும் மெல்லிய குழாய் வழியாகச் சைனஸ் அறுவை சிகிச்சை செய்வதையும் அதன் பின் நோயாளிகளை மாதக்கணக்கில் பார்ப்பதையும் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: நீங்கள் விவரித்தவற்றில் எதுவும் தோல்வியின் அடையாளமாக எனக்குத் தெரியவில்லை. நம் ஊரில் மூக்குச் சதை என்று சொல்லப்படும் பாலிப், நீக்கிய 12 நாட்களில் மறுபடி வளர்ந்து மூக்கை அடைக்காது. திரும்பி வரக்கூடிய வகையாக இருந்தாலும் அதற்குப் பல மாதங்களோ ஆண்டுகளோ ஆகும். அதே சமயம், உங்கள் மூக்கின் உட்புறத்தை நான் பார்க்கவில்லை. அடைப்பு வீக்கத்தாலா, காய்ந்த பொருக்காலா, தண்டின் சவ்வுக்கு அடியில் தேங்கிய இரத்தத்தாலா என்பதை எண்டோஸ்கோப்பில் பார்க்காமல் எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே கீழே உள்ளதை உங்கள் மருத்துவரின் அறிவுரைக்கு மாற்றாகக் கொள்ள வேண்டாம். ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்: மூக்குக் கழுவுவதை நிறுத்திவிட்ட செய்தியை இன்றே அவருக்குப் போன் செய்து தெரிவியுங்கள். உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது அது ஒன்றுதான்.

வெளியே ஒரு தையலும் தெரியாத சிகிச்சை இது. அதனாலேயே உள்ளே எவ்வளவு பரப்பில் புண் இருக்கிறது என்பது நோயாளிக்கும் வீட்டாருக்கும் தெரிவதில்லை. மூக்குத்தண்டை நேராக்கும்போது அதன் மேல் ஒட்டியிருக்கும் சவ்வை இரு பக்கமோ ஒரு பக்கமோ பிரித்தெடுத்து, வளைந்த குருத்தெலும்பையும் எலும்பையும் சரிசெய்து, சவ்வை மீண்டும் படியவைக்கிறோம். கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே சிறுசிறு அறைகளாக இருக்கும் எத்மாய்ட் சைனஸில் மெல்லிய எலும்புத் தடுப்புகளை நீக்கி, கன்னத்திலும் நெற்றியிலும் உள்ள சைனஸ்களின் இயற்கையான வாசலை அகலப்படுத்துகிறோம். இந்த இடங்களிலெல்லாம் புதிய சளிச்சவ்வு படர வேண்டும். அது படர்ந்த பிறகு அதன் மேல் நுண்மயிர்கள் முளைத்து வேலை செய்யத் தொடங்க வேண்டும். ஆரோக்கியமான மூக்கில் அந்த நுண்மயிர்கள் நொடிக்கு 10 முதல் 15 முறை அசைந்து, சளியை நிமிடத்திற்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில் பின்பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. கன்னச் சைனஸின் சளி எந்தப் பக்கம் துளையிட்டாலும் அந்தத் துளையைத் தாண்டிக்கொண்டு இயற்கையான வாசலை நோக்கியே போகிறது என்பதை ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் மெசர்கிளிங்கர் காட்டியதுதான் இன்றைய எண்டோஸ்கோப் சிகிச்சைக்கு அடிப்படை. அறுவை சிகிச்சை நடந்த மூக்கில் இந்த ஓட்டம் வாரக்கணக்கில் நின்றுபோகிறது. சளி சுரப்பது நிற்பதில்லை, அதைத் தள்ள ஆள் இல்லை. தேங்கிய சளியும் உறைந்த இரத்தமும் புண்ணிலிருந்து கசியும் நீரும் சேர்ந்து காய்ந்ததுதான் நீங்கள் பார்க்கும் பழுப்புக் கட்டி. அது சீழாக இருக்க வேண்டியதில்லை.

7-ஆம் நாள் நன்றாக இருந்து 12-ஆம் நாள் அடைப்பதன் காரணமும் இதுவே. ஸ்பிளிண்ட் உள்ளே இருக்கும் வரை அது தண்டுக்கும் பக்கச் சுவருக்கும் நடுவே ஓர் இடைவெளியைக் காத்துக்கொண்டிருக்கும். முன்புறத்தில் போட்ட ஒரே தையலை வெட்டி, ஒளி ஊடுருவும் அந்தச் சிலிகான் தகட்டை மெதுவாக உருவும்போது கூடவே ஒட்டியிருந்த சளித்திரளும் வெளியே வந்துவிடும்; நாற்காலியில் இருப்பவர் அப்போது இழுக்கும் மூச்சு பல ஆண்டுகளில் அவருக்குக் கிடைக்காத மூச்சாக இருக்கும். மறுநாளிலிருந்து அந்த இடத்தில் புதிய பொருக்கு கட்டத் தொடங்குகிறது. மூக்கின் பக்கச் சுவரில் மடிப்பாக இருக்கும் டர்பினேட்டையும் சுருக்கியிருந்தால், முழங்கால் சிராய்ப்பு ஆறும்போது சுற்றிலும் தடிப்பதுபோல அதுவும் முதலில் வீங்கி, பிறகே சுருங்கும். ஆகவே இரண்டாவது, மூன்றாவது வாரங்கள்தான் பெரும்பாலானோருக்கு மனம் தளரும் வாரங்கள். நான்கு முதல் ஆறு வாரங்களில் மூச்சு தெளிவாக மேம்படும்; சவ்வு முழுவதும் ஆறி நுண்மயிர்கள் ஒழுங்காக வேலை செய்ய மூன்று மாதங்கள் வரை ஆகலாம்; நெற்றிச் சைனஸை விரிவாகத் திறந்திருந்தால் இன்னும் கூடுதலாகும். இதில் ஆளுக்கு ஆள் வேறுபாடு அதிகம் என்பதால், உங்களுக்கு எத்தனையாவது நாள் சரியாகும் என்று தேதி சொல்ல என்னால் இயலாது.

இடையில் ஒன்று. ஒரு நேரம் இடப்பக்கம் அடைப்பதும் சில மணி நேரம் கழித்து வலப்பக்கம் அடைப்பதும் நோயில்லை. இரு பக்க டர்பினேட்டுகளும் மாறிமாறி வீங்கிச் சுருங்குவதை 1895-இல் கைசர் என்ற ஜெர்மானிய மருத்துவர் விவரித்தார். மூச்சின் ஓட்டத்தைக் கவனித்துச் சரம் பார்ப்பவர்கள் அதற்கு வெகுகாலம் முன்பே இடகலை, பிங்கலை என்று இந்த மாற்றத்தைக் கவனித்திருக்கிறார்கள். ஆறிவரும் மூக்கில் இடம் குறைவு என்பதால் இந்த இயல்பான மாற்றமே பெரிய அடைப்பாகத் தெரியும்.

இப்போது உப்புத் தண்ணீருக்கு வருகிறேன். அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய பராமரிப்பில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு மிகக் குறைவாக உள்ள விஷயம் இதுதான். நுண்மயிர்கள் செய்ய வேண்டிய வேலையை அவை மீளும் வரை தண்ணீர் செய்கிறது. பொருக்கு ஊறிக் கழன்று வரும்போது அடியில் உள்ள பச்சைப் புண்ணிலிருந்து சிறிது இரத்தம் வருவது இயல்பு. கழுவிய நீர் இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ வருவதும், சிறு கட்டிகள் வருவதும் கழுவல் வேலை செய்கிறது என்பதையே காட்டுகின்றன. கழுவாமல் விட்டால் பொருக்கு கெட்டியாகி, எதிரெதிரான இரண்டு புண்பரப்புகளுக்கு நடுவே பாலம்போல நின்று, அங்கே சவ்வு ஒட்டிக்கொள்ள வழி செய்யும். நடு டர்பினேட் பக்கச் சுவரோடு ஒட்டிக்கொண்டால் திறந்துவைத்த சைனஸின் வாசல் மூடிப்போகும். சிகிச்சை நன்றாக நடந்தும் பலன் குறைவதற்கு இப்படி ஒட்டிக்கொள்வது முக்கியமான காரணங்களுள் ஒன்று. உங்கள் பயத்தைக் குறை சொல்லவில்லை. இரத்தம் வரும், பயப்பட வேண்டாம் என்று டிஸ்சார்ஜ் செய்யும்போதே உங்களிடம் யாராவது நிறுத்தி நிதானமாகச் சொல்லியிருக்க வேண்டும்.

கழுவும் முறையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாட்டிலைக் கையில் கொடுத்து அனுப்பிவிடும் இடங்கள் நிறைய உண்டு. வாஷ்பேசினுக்கு முன் நின்று, முகம் தொட்டியைப் பார்க்கும்படி குனிந்து, தலையைச் சற்றே ஒரு பக்கம் சாய்த்துக்கொள்ளுங்கள். வாயைத் திறந்து "ஆ" என்று சொல்லிக்கொண்டே, மேல் இருக்கும் நாசித் துளையில் பாட்டிலின் நுனியை வைத்து மெதுவாக அழுத்துங்கள். தண்ணீர் மறுபக்கம் வழியாக வரும். காது அடைத்தாலோ வலித்தாலோ அழுத்தம் அதிகம் என்று பொருள். 200 முதல் 250 மில்லி கொள்ளும் பாட்டில் ஒருமுறை கழுவப் போதும். முடிந்தபின் மூக்கைப் பிடித்துச் சிந்தாமல், இரு துளைகளும் திறந்திருக்க மெல்ல மூச்சை வெளியே விடுங்கள். கன்னச் சைனஸின் வாசல் இப்போது பெரிதாக இருப்பதால் உள்ளே கொஞ்சம் நீர் தங்கி, அரை மணி நேரமோ இரண்டு மணி நேரமோ கழித்து நீங்கள் குனியும்போது திடீரென்று கொட்டும். பலர் இதைக் கண்டு மூளை நீர் கசிகிறதோ என்று அஞ்சுகிறார்கள். கழுவிய சில மணி நேரத்துக்குள் ஒன்றிரண்டு முறை கொட்டி நின்றுவிட்டால் அது நீங்கள் விட்ட தண்ணீர்தான்.

எந்தத் தண்ணீர் என்பதில் மட்டும் சமரசம் செய்யாதீர்கள். குழாய் நீர், கிணற்று நீர், 20 லிட்டர் கேன் தண்ணீர், ஆர்.ஓ. இயந்திரத்து நீர் ஆகிய எதுவும் கிருமி நீக்கப்பட்ட நீர் ஆகாது. குடிக்கத் தகுந்ததாக இருந்தாலும் மூக்கில் விட அப்படியே தகுந்ததாகிவிடாது. மூளையைத் தாக்கும் நேக்லேரியா என்ற அமீபா, குடித்தால் தீங்கு செய்வதில்லை. மூக்கின் உச்சி வழியாக ஏறினால் அநேகமாக உயிரையே எடுக்கிறது. 2011-இல் அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்தில் குழாய் நீரில் நேத்தி (நீர் விட்டு மூக்கைக் கழுவுதல்) செய்த இருவர் இந்நோயால் இறந்தார்கள். நம் பக்கத்துக் கேரளத்தில் 2024, 2025 ஆண்டுகளில் அமீபா மூளைக்காய்ச்சல் பலரைத் தாக்கியதைச் செய்திகளில் படித்திருப்பீர்கள். மிக அரிதான நோய்தான். ஆனால் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கும் நிலையில் ஒரு நிமிடம் முழுமையாக வைத்து ஆறவிட்டால் முற்றிலும் தவிர்க்கக்கூடியது. லிட்டருக்கு 9 கிராம் உப்பு என்பது உடலின் உப்பளவோடு ஒத்துப்போகும். அரை லிட்டருக்குத் தலைதட்டிய ஒரு டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாக எடுத்தால் ஏறத்தாழ அந்த அளவு வரும். ஒரு சிட்டிகை சமையல் சோடா சேர்த்தால் எரிச்சல் குறையும். கல்லுப்பில் மண்ணும் தூசியும் கலந்திருக்கும் என்பதால் தவிர்ப்பது நல்லது. இந்தக் கணக்கெல்லாம் தொல்லை என்று நினைத்தால், மருந்துக் கடையில் கிடைக்கும் அளவிட்ட பொட்டலங்களையோ 500 மில்லி நார்மல் சலைன் பாட்டிலையோ வாங்கிக்கொள்ளுங்கள். திறந்த சலைனை அன்றைக்கே பயன்படுத்திவிட வேண்டும். கழுவும் பாட்டிலை நாள்தோறும் சோப்புப் போட்டுக் கழுவிக் கவிழ்த்துக் காயவைப்பதை மறக்க வேண்டாம்.

ஆவி பிடிப்பதைப் பற்றி உங்கள் அம்மா மனம் நோகாதபடி சொல்ல வேண்டும் என்று விரும்புகிறேன். சளி பிடித்தவருக்கு அது இதமாக இருக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஆவி பிடிப்பதால் புண் விரைவில் ஆறும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. வெப்பம் இரத்தக் குழாய்களை விரியச் செய்து கசிவைக் கூட்டலாம். கொதிக்கும் பாத்திரம் மடியில் கவிழ்ந்து வெந்துபோனவர்களையும் பார்த்திருக்கிறோம். நொச்சி, யூகலிப்டஸ், மெந்தால் ஆகியவற்றின் நெடி குளிர்ச்சியாகப்பட்டு மூக்கு திறந்ததுபோல் தோன்றும். மெந்தாலைப் பொறுத்தவரை, காற்றோட்டத்தை அளந்து பார்த்தால் மாற்றம் இருப்பதில்லை. மாறுவது உணர்வு மட்டுமே. ஆகவே இப்போதைக்கு ஆவியை நிறுத்திவிட்டு, அந்த நேரத்தை உப்புத் தண்ணீருக்குக் கொடுங்கள். நல்லெண்ணெய், நெய் போன்றவற்றை மூக்கில் விட வேண்டாம். அது சிறிது சிறிதாக நுரையீரலுக்குள் இறங்கினால் அங்கே அழற்சி உண்டாக்கும். பொருக்கு மிகுதியாக இருப்பவருக்குச் சில மருத்துவர்கள் லிக்விட் பாரஃபின் சொட்டு எழுதுவதுண்டு. அது அவர்கள் அளவோடு தருவது. ஒட்ரிவின், நாசிவியான் போன்ற அடைப்பு நீக்கும் சொட்டு மருந்துகளை நீங்களாக வாங்கி விட்டுக்கொள்ளாதீர்கள். ஒரு வாரத்துக்கு மேல் போனால் அந்த மருந்தே அடைப்புக்குக் காரணமாகிவிடும்.

தலைக்குக் குளிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தலையில் ஊற்றும் நீர் மண்டையோட்டைத் தாண்டிச் சைனஸுக்குள் இறங்க வழியே இல்லை. நீர் கோர்த்துக்கொள்ளும் என்ற அச்சம் வேண்டாம். ஒவ்வாமை உள்ளவருக்கு ஈரத்தலையின் குளிர்ச்சியால் தும்மல் வரலாம், அதனால் வெதுவெதுப்பான நீரில் குளித்து உடனே துவட்டிக்கொள்ளுங்கள். கொதிக்கும் வெந்நீரும், குனிந்து தலையலசுவதும் இந்த வாரம் வேண்டாம். தயிரும் குளிர்ந்த பொருட்களும் புண் ஆறுவதைத் தடுப்பதாக எந்தச் சான்றும் இல்லை. காரம் மிகுந்தால் மூக்கு ஒழுகும் என்பதற்காக மட்டும் சில நாட்கள் குறைக்கலாம். மிளகாய் தாளிக்கும் கமறல், கொசுவர்த்தி, சாம்பிராணி, சிகரெட் ஆகிய புகைகளிலிருந்து விலகி இருங்கள். இவற்றில் சிகரெட் ஒன்றுதான் நீண்ட காலப் பலனையே கெடுக்கக்கூடியது.

மூக்கைச் சிந்துவது, தும்மலை அடக்குவது, மூச்சுப் பிடித்துப் பாரம் தூக்குவது, மலச்சிக்கலில் முக்குவது ஆகிய எல்லாம் உள்ளே அழுத்தத்தை ஏற்றுகின்றன. கண்குழிக்கும் சைனஸுக்கும் நடுவே உள்ள எலும்பு காகிதம்போல் மெல்லியது. பலமாகச் சிந்தினால் காற்று கண்ணைச் சுற்றிய தோலுக்கடியில் புகுந்து வீங்கிவிடும். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள். இரண்டு வாரம் முடிந்தபின்னும், மருத்துவர் அனுமதித்தால் ஒவ்வொரு பக்கமாக மெல்லச் சிந்தத் தொடங்குங்கள். யோகா செய்பவராக இருந்தால் கபாலபாதி, பஸ்திரிகா, சூரிய நமஸ்காரம் ஆகியவற்றை ஒரு மாதம் போல் தள்ளிவையுங்கள். மூக்கில் நூலை நுழைத்து இழுக்கும் சூத்திர நேத்தியை அறுவை சிகிச்சை நடந்த மூக்கில் செய்யவே கூடாது. நடைப்பயிற்சிக்குத் தடையில்லை. பெண்கள் அடிக்கடி கேட்பது மூக்குத்தியை எப்போது திரும்பப் போடலாம் என்பது. நுனியின் வலி முற்றிலும் போன பிறகு, மருத்துவர் பார்த்துச் சொன்னபின் போடலாம், வலுக்கட்டாயமாகத் திருக வேண்டாம்.

இனி, காத்திருக்கக் கூடாத அறிகுறிகள். இரத்தக் கசிவு என்ற ஆபத்து சிகிச்சை நடந்த முதல் நாளோடு முடிந்துவிடுவதில்லை. 5-ஆம் நாளிலிருந்து ஏறத்தாழ 14-ஆம் நாள் வரை பொருக்கு கழலும்போது இரண்டாவது முறை வரலாம், நீங்கள் இன்னும் அந்தக் காலத்தில்தான் இருக்கிறீர்கள். புதிய சிவப்பு இரத்தம் சொட்டினால் உட்கார்ந்து, முன்பக்கம் சாய்ந்து, மூக்கின் மென்மையான பகுதியை இரு விரல்களால் 15 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்து, வாய்க்கு வருவதைத் துப்புங்கள். அண்ணாந்து படுத்து விழுங்கக் கூடாது. அப்படியும் நிற்காவிட்டாலும், தொண்டைக்குள் தொடர்ந்து இறங்கினாலும் இரவென்று பாராமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை மங்கல், ஒன்று இரண்டாகத் தெரிதல். கழுவாத நேரத்திலும் ஒரு பக்கத்திலிருந்து தெளிந்த நீர் குனியும்போதெல்லாம் சொட்டுதல், அதனுடன் கடுந்தலைவலி அல்லது கழுத்து விறைப்பு. 101 டிகிரிக்கு மேல் காய்ச்சல். மூக்கின் நடுப்பகுதி விண்விண்ணென்று வலித்து இரு பக்கமும் ஒரேயடியாக அடைத்தல் ஆகியவற்றில் எதுவாயினும் மறுபரிசோதனைத் தேதி வரை பொறுக்க வேண்டாம். உங்கள் கடிதத்தில் இவற்றில் ஒன்றும் இல்லை என்பதால்தான் இவ்வளவு அமைதியாக எழுதுகிறேன். மேல்வரிசை முன்பற்கள் மரத்திருப்பதாகத் தோன்றினால் அதற்கு அஞ்ச வேண்டாம். தண்டின் அடிப்பகுதியில் ஓடும் சிறு நரம்பு சீண்டப்பட்டதால் வருவது, பெரும்பாலும் சில வாரங்களிலிருந்து சில மாதங்களில் தணியும்.

மருந்துகளைப் பொறுத்தவரை, உறுதியானதையும் ஐயத்துக்குரியதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். பாலிப் இருந்தவருக்கு ஸ்டீராய்டு ஸ்பிரே தொடர்ந்து பயன்தருகிறது என்பது உறுதியானது. வலக்கையால் இடப்பக்கமும் இடக்கையால் வலப்பக்கமும் அடித்தால் மருந்து தண்டின் மேல் படாமல் வெளிச்சுவரை நோக்கிப் போகும். அடித்தபின் பலமாக உறிஞ்சினால் தொண்டைக்குப் போய்விடும். ஸ்டீராய்டு மாத்திரை தந்திருந்தால் சொன்ன வரிசைப்படியே குறைத்து முடிக்க வேண்டும். சர்க்கரை நோய் இருப்பவர் அந்த நாட்களில் இரத்தச் சர்க்கரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லாருக்கும் ஆன்டிபயாடிக் தேவையா என்பது ஐயத்துக்குரியது. வழக்கமாகக் கொடுப்பதால் பெரிய நன்மை இருப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை, ஆயினும் அறுவை செய்தவர் உள்ளே பார்த்ததை வைத்து எழுதியிருப்பார், அதை நீங்களாக நிறுத்த வேண்டாம். வலிக்குப் பாரசிட்டமால் போதுமானது. புரூஃபன் வகை மாத்திரைகள் இரத்தக் கசிவைக் கூட்டும் என்ற பழைய அச்சம் அவ்வளவு உறுதியானதாக இப்போது தெரியவில்லை. ஆனால் ஆஸ்துமாவும் பாலிப்பும் சேர்ந்திருப்பவர்களில் ஒரு பகுதியினருக்கு ஆஸ்பிரினும் இந்த வகை மாத்திரைகளும் மூச்சுத்திணறலையே உண்டாக்கும் என்பது உறுதியானது. உங்களுக்கு ஆஸ்துமா உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் இதை மருத்துவரிடம் சொல்லாமல் விடாதீர்கள்.

வாசனை தெரியாதது உங்களை வருத்துவதை உணர்கிறேன். சாப்பாடே மண்ணாக இருப்பதாக எழுதியிருந்தீர்கள். வாசனை உணரும் சவ்வு மூக்கின் உச்சியில், மிகக் குறுகிய இடுக்கில் இருக்கிறது. வீக்கமும் பொருக்கும் அந்த இடுக்கை அடைத்திருக்கும்வரை காற்று அங்கே போகாது. ஆகவே 12-ஆம் நாளில் வாசனை இல்லாததை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அறுவைக்கு முன் கொஞ்சமாவது வாசனை தெரிந்தவருக்கு அது பெரும்பாலும் சில வாரங்களில் திரும்பத் தொடங்குகிறது. பல ஆண்டுகள் பாலிப்போடு வாசனையின்றி இருந்தவருக்கு எவ்வளவு திரும்பும் என்று முன்கூட்டிச் சொல்வது கடினம், சிலருக்கு முழுமையாகத் திரும்புவதில்லை. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் ஆகிய நான்கையும் காலையும் மாலையும் தலா சில விநாடிகள் கவனத்தோடு முகர்ந்து மூன்று மாதம் பழகும் பயிற்சியை ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் ஹம்மல் என்ற மருத்துவரின் குழு 2009-இல் வெளியிட்டது. வைரஸ் காய்ச்சலால் வாசனை போனவர்களுக்கு அது உதவுகிறது என்பதற்குச் சான்று நன்றாக இருக்கிறது; சைனஸ் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவ்வளவு சான்று இல்லை. தீங்கில்லாத பயிற்சி என்பதால் ஒரு மாதம் கழித்தும் முன்னேற்றம் இல்லையென்றால் செய்துபாருங்கள் என்பேன். அதுவரை சமையல் வாயுவின் ரெகுலேட்டரை இரவில் மூடிவிட்டுப் படுங்கள். கசிவு தெரிய வேண்டும் என்பதற்காகவே அந்த வாயுவில் நாற்றம் சேர்க்கிறார்கள். அது இப்போது உங்களுக்குத் தெரியாது. பழைய குழம்பைச் சாப்பிடும் முன் வீட்டில் ஒருவரை முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.

உறவினர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. நேராக்கிய மூக்குத்தண்டு பெரும்பாலும் அப்படியே நிற்கும். பாலிப் மட்டும் வேறு கதை: அது சவ்வின் அழற்சியால் வருவது, அறுவை சிகிச்சை அந்தச் சவ்வின் குணத்தை மாற்றுவதில்லை. வாசலைத் திறந்து, கழுவும் நீரும் மருந்தும் உள்ளே போக வழி செய்கிறது. வாசல் சுமார் 4 மில்லிமீட்டராவது இருந்தால்தான் கழுவும் நீர் சைனஸுக்குள் போகிறது என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அந்த வழியைத் தொடர்ந்து பயன்படுத்துபவருக்கும் ஸ்பிரேயை மூன்றாவது மாதமே விட்டுவிடுபவருக்கும் ஆண்டுகள் கழித்து வித்தியாசம் தெரிகிறது. சைனஸில் பூஞ்சை ஒவ்வாமை இருப்பவர்களுக்கு, நம் நாட்டில் அது குறைவில்லை, திரும்பி வரும் வாய்ப்பு கூடுதல். அவர்களுக்குக் கண்காணிப்பும் நீண்ட காலம் தேவை. பெரியவர்கள் நினைவில் இருப்பது பெரும்பாலும் மேலுதட்டைத் தூக்கி ஈறு வழியாகக் கன்ன எலும்பைத் துளைத்துச் சவ்வையே சுரண்டியெடுத்த பழைய சிகிச்சையும், மூக்கு நிறைய நீளத் துணியைத் திணித்து நாட்கணக்கில் வைத்திருந்த வேதனையும். உங்களுக்கு நடந்தது அது கிடையாது. 2021-இல் கருப்புப் பூஞ்சைக்காக அறுவை செய்துகொண்டவர்களின் நிலையும் வேறு. இந்தப் பதிலில் உள்ள எதையும் அவர்கள் தங்களுக்கென எடுத்துக்கொள்ளக் கூடாது.

வேலைக்குப் போவதைப் பொறுத்தவரை, உட்கார்ந்து செய்யும் வேலையென்றால் 10 நாள் முதல் இரண்டு வாரத்தில் பெரும்பாலோர் திரும்புகிறார்கள். பைக்கில் போவதானால் தூசிக்காக முகக்கவசம் அணிந்து, மூன்றாவது வாரத்திலிருந்து குறுகிய தூரம் தொடங்கலாம். விமானம் இரண்டு வாரம் வரையிலும், நீச்சல் ஆறு வாரம் போலும் வேண்டாம். சோர்வு நீடித்தால் கவலைப்படாதீர்கள். பொது மயக்கமருந்தும், வாயால் மூச்சுவிட்டுக் கெட்ட தூக்கமும் சேர்ந்து அப்படிச் செய்யும். தலையணையை ஒன்றுக்கு இரண்டாக வைத்துப் படுத்தால் இரவின் அடைப்பு சற்றுக் குறையும்.

அடுத்த மறுபரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். நீங்கள் கழுவாமல் விட்ட நாட்களின் பொருக்கை அன்றைக்கு எடுத்தாக வேண்டும், முடிந்தால் தேதியை முன்னால் நகர்த்தக் கேளுங்கள். மரக்கவைக்கும் மருந்தில் நனைத்த பஞ்சைச் சற்று நேரம் வைத்துவிட்டு, எண்டோஸ்கோப்பில் பார்த்தபடியே சிறு இடுக்கியாலும் உறிஞ்சு குழாயாலும் எடுப்பார்கள். இழுப்பதுபோல் இருக்கும், கண்ணில் நீர் வரும், சில நிமிடங்களில் முடிந்துவிடும். எந்தெந்தச் சைனஸ்களைத் திறந்தார்கள், எடுத்த சதையின் பயாப்ஸி முடிவு என்ன, ஸ்பிரே எவ்வளவு காலம், கழுவுவது ஒரு நாளைக்கு எத்தனை முறை என்ற நான்கையும் எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள். அறுவை சிகிச்சைக் குறிப்பின் நகலையும் சி.டி. ஸ்கேன் படத்தையும் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு, உங்களுக்கு எழுதித் தந்துள்ள பாரசிட்டமாலைப் போட்டுக்கொண்டு, மூக்கைக் கழுவிவிட்டு, வயிறு காலியாக இல்லாமல் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள். பொருக்கு எடுக்கும்போது சிலருக்குத் தலை சுற்றி மயக்கம் வருவதுண்டு. அதனால் அன்றைக்கு வண்டியை நீங்கள் ஓட்டாமல் துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள்.